மல்லாட்டைப் பள்ளிக்கூடம்

நான் ஐந்தாம் வகுப்பு படித்த வருஷம் எங்கள் பள்ளிக்கூடத்துக்கு ஒரு டிரில் வாத்தியார் வந்தார். அவர் வந்து மூன்று மாதம் ஆவதற்குள் என் அம்மா டிரில்லை நிறுத்திவிட்டாள். அந்த வயதில் அம்மாவைவிடப் பெரிய எதிரி எனக்கு யாரும் இருந்ததில்லை.

ஒலக்கூர் ரயிலடியிலிருந்து வயல்வழியே முக்கால் மணி நடந்தால் எங்கள் ஊர். பள்ளிக்கூடம் என்பது இரண்டு ஓட்டு அறைகள், ஒரு புளியமரம், பின்னால் ஏரிவரை நீளும் கட்டாந்தரை, அவ்வளவுதான். அந்தத் தரையை அதுவரை ஆடுகள்தான் பயன்படுத்திவந்தன. புது வாத்தியார் திண்டிவனத்துக் கிறிஸ்தவக் குடும்பத்துப் பிள்ளை. இருபத்திரண்டு வயது இருக்கும். மூன்று மணிக்கு அவர் விசில் ஊதினால் ஐந்து வகுப்பும் வெளியே வந்து வரிசையில் நிற்க வேண்டும். கையைத் தூக்கு, குனி, நிமிர், குதி. பிறகு ஏரிக்கரைவரை ஓடித் திரும்ப வேண்டும். பெண்பிள்ளைகள் மர நிழலில் உட்கார்ந்து பார்க்கட்டுமே என்று தலைமையாசிரியர் இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். டிரில் வாத்தியார் இரண்டு முறையும் பணிவாகத் தலையாட்டிவிட்டு எங்களையும் சேர்த்தே ஓடவிட்டார்.

அந்த ஓட்டம் எனக்குப் பிடித்திருந்தது. பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு காற்றுக்கு எதிரே ஓடலாம். ஒருவரும் திட்டமாட்டார்கள் என்பதே எனக்குப் பெரிய அதிசயம்.

ஆனால் ஓடினால் பசிக்கும். அதை யாரும் யோசித்திருக்கவில்லை. சர்க்கார் மதியச் சாப்பாடு எங்கள் பக்கம் வந்து சேராத காலம் அது. காலையில் ஒரு செம்பு கேப்பைக் கூழ், மத்தியானம் இன்னொரு செம்பு. சாயங்காலம் நானும் இரண்டு தம்பிகளும் வீட்டுக்குள் நுழையும்போதே கை பானைக்குள் இருக்கும். முன்பெல்லாம் விளக்கு வைத்த பிறகுதான் சாப்பாட்டு நினைவு வரும். டிரில் வந்த பிறகு பொழுது சாய்வதற்குள் பானை அடி தெரிந்துவிடும்.

ஒருநாள் நாங்கள் வரிசையில் கையைத் தூக்கிக்கொண்டு நின்றபோது அம்மா வயலிலிருந்து நேரே வந்தாள். முட்டிவரை சேறு. தலைமையாசிரியரும் டிரில் வாத்தியாரும் நின்றிருந்த இடத்துக்குப் போய், புடவைத் தலைப்பைத் தோளில் இழுத்து மூடிக்கொண்டு, மரியாதையாகத்தான் பேசினாள்.

“மூணு மணிக்கி நீங்க ஓட வுடுறீங்க. அஞ்சு மணிக்கி அதுங்க வந்து பானைய வழிச்சிடுதுங்க. ராத்திரிக்கி நான் என்னாத்த வெக்கிறது? ஓட்டத்த வெச்சீங்கன்னா சோத்தையும் வைங்க. இல்லன்னா பேசாம குந்த வெச்சிப் பாடத்த நடத்துங்க.”

சொல்லிவிட்டு என்னையும் தம்பிகளையும் வரிசையிலிருந்து இழுத்துக்கொண்டு போய்விட்டாள். மறுநாள் இன்னும் நான்கு வீட்டுத் தாய்மார்கள் வந்து அதையே சொன்னார்கள். ஊர் வம்பு வேண்டாம் என்று தலைமையாசிரியர் டிரில்லை நிறுத்தினார். எங்கள் வீட்டுப் பானை காலியாக இருப்பதை ஊரறியச் சொல்லிவிட்டாளே என்று எனக்கு அவமானம். ஓட்டம் போனது அதைவிடப் பெரிய துக்கம். நான்கு நாள் அம்மாவிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அம்மா அதைக் கவனித்ததாகவும் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை டிரில் வாத்தியார் எங்கள் வீட்டுக்கே வந்தார். சண்டை போடத்தான் வந்திருக்கிறார் என்று நான் கதவுக்குப் பின்னால் ஆவலோடு நின்றேன். அவரோ, நீங்கள் சொன்னது சரிதான், சோற்றை எப்படி வைப்பது என்று நீங்களே சொல்லுங்கள் என்றார். அம்மா வாசலில் மல்லாட்டை காயவைத்துக்கொண்டிருந்தாள். மணிலாக்கொட்டை என்று புத்தகத்தில் படிப்போமே, அதைத்தான் எங்கள் ஊரில் மல்லாட்டை என்போம். அவள் குனிந்து ஒரு கை அள்ளி அவர் கையில் கொட்டினாள்.

“இது இல்லாத வூடு இந்த ஊர்ல ஏதுங்க? ஆளுக்கு ஒரு மரக்கா அளந்து குடுக்கட்டும். நெலம் இல்லாதவங்க வெறகு குடுக்கட்டும். நான் வந்து வேவ வெச்சித் தர்றேன்.”

தலைமையாசிரியருக்கு இதில் இரண்டு பயம். மேலதிகாரி வந்து கேட்டால் என்ன பதில் சொல்வது என்பது ஒன்று. யார் கையால் வெந்ததை யார் வீட்டுப் பிள்ளை தின்னும் என்பது மற்றொன்று. இரண்டாவது பயத்துக்கு அம்மாவிடம் பதில் இருந்தது. மல்லாட்டையைத் தோலோடுதானே வேகவைக்கிறோம், அவரவர் உரித்து அவரவர் தின்னட்டும் என்றாள். வாழைப்பழத்தையும் மல்லாட்டையையும் சுற்றி ஆண்டவனே ஒரு தோலைப் போட்டு அனுப்பியிருக்கும்போது, எங்கள் ஊர்ப் பெரியவர்களால் அதற்கு மேல் தீட்டுப் பார்க்க முடியவில்லை. முதல் பயத்தைத் தீர்க்க, அதிகாரி வந்தால் அவருக்கும் ஒரு கை கொடுத்துவிடலாம் என்று முடிவாயிற்று.

இப்படித்தான் எங்கள் பள்ளிக்கூடத்தில் மறுபடி விசில் ஊதியது. ராத்திரியே ஊறவைத்த மல்லாட்டை உப்புப் போட்டு வெந்து, பெரிய அண்டாவில் ஆவி பறக்க இருக்கும். ஓடி முடித்ததும் ஆளுக்கு இரண்டு கை, ஒரு துண்டு வெல்லம். புளியமரத்தடியில் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து தோல் உரிக்கிற சத்தம் மழை பெய்வதுபோல இருக்கும். நான்காவது மாதம் எங்கள் கால்களில் சதை தெரிந்தது.

தை மாதம் திண்டிவனத்தில் ஆரம்பப் பள்ளிகளுக்கான விளையாட்டுப் போட்டி வந்தது. கயிறு இழுக்கும் போட்டிக்குப் பெயர் கொடுப்போம் என்றார் டிரில் வாத்தியார். அணிக்கு எட்டுப் பேர் வேண்டும். எங்கள் ஐந்தாம் வகுப்பில் பையன்களே ஆறு பேர்தான். தச்சர் வீட்டுப் பெண்ணையும் என்னையும் சேர்த்து எட்டாக்கினார். பெரியப்பா கிணற்றில் மாடு பூட்டிக் கவலை இறைக்கும் வடக்கயிற்றை இரவல் வாங்கி, தினமும் மாலையில் ஒரு மாட்டுக்கு எதிராக நாங்கள் எட்டுப் பேரும் இழுத்தோம். மாடு பெரும்பாலும் எங்களைப் பொருட்படுத்தாமல் புல் மேய்ந்தது. பிடித்தால் விடமாட்டாள் என்று என்னைக் கயிற்றின் கடைசியில் நிறுத்தினார்.

போட்டியன்று பாசஞ்சரில் போனோம். மல்லாட்டைக் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு அம்மாவும் வந்தாள். இரண்டு பள்ளிகளை எப்படியோ இழுத்துவிட்டோம். கடைசியில் எதிரே நின்றது விழுப்புரத்துப் பள்ளி ஒன்று. எட்டுப் பையன்கள், எட்டும் தூண்கள். எல்லோர் காலிலும் வெள்ளைக் கான்வாஸ் ஷூ. நாங்கள் உரித்துப் போட்ட தோலைப் பார்த்துவிட்டு, “மல்லாட்டை, மல்லாட்டை” என்று அவர்கள் பக்கத்துப் பிள்ளைகள் கேலி செய்தார்கள்.

அவர்களுடைய வாத்தியார் என்னைக் கண்டதும் நடுவரிடம் போனார். பெண்பிள்ளைகளோடு இழுத்து ஜெயித்தால் என்ன பெருமை, தோற்றால் என்ன மானம் என்பது அவர் கட்சி. நடுவர் அறிக்கைத் தாளை இரண்டு முறை படித்தார். எட்டுப் பேர் என்று இருந்ததே தவிர, ஆண் பெண் என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. இருந்தாலும் அவர் தயங்கினார். பொம்பளைப் பிள்ளை கயிறு இழுக்குமா என்று அவர் பொதுவாகக் கேட்டது கூட்டத்தில் நின்ற அம்மா காதில் விழுந்தது.

“தெனம் கெணத்துலருந்து இருவது கொடம் இழுக்குதுங்க என் பொண்ணு. அது கயிறு இல்லாம என்னாங்க?”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நடுவரும் சிரித்துவிட்டுக் கயிற்றை எடுத்துக்கொடுத்தார்.

முதல் சுற்றில் மூச்சு விடுவதற்குள் எங்களை இழுத்துப் போட்டார்கள். இரண்டாவதில் வாத்தியார் சொன்னபடி குதிகாலால் மண்ணில் குழி பறித்து, மல்லாந்து சாய்ந்து, இழுக்காமல் அப்படியே நின்றோம். நின்றுகொண்டே இருந்தோம். அவர்களுடைய ஷூக்கள் காய்ந்த புல்லில் வழுக்க ஆரம்பித்தன. ஒரு பையனின் கால் சறுக்கியது. விசில் சத்தத்துக்கு ஒரு அடி, இன்னொரு அடி. மாட்டோடு ஒப்பிட்டால் இவர்கள் எவ்வளவோ லேசு என்று அப்போதுதான் தெரிந்தது. சுற்று எங்களுடையதாயிற்று.

மூன்றாவது சுற்று எவ்வளவு நேரம் நடந்தது என்று எனக்குத் தெரியாது. இடுப்பில் சுற்றிய கயிறு தோலை உரித்தது. முன்னால் தச்சர் வீட்டுப் பெண் பல்லைக் கடித்துக்கொண்டு அழுதாள், ஆனால் பிடியை விடவில்லை. எங்கிருந்தோ “மல்லாட்டை, மல்லாட்டை” என்று சத்தம் வந்தது. இம்முறை கத்தியது எங்கள் அம்மா. வேடிக்கை பார்த்த ஜட்கா வண்டிக்காரர்களும் சேர்ந்துகொண்டார்கள், பிறகு மைதானமே சேர்ந்துகொண்டது. அந்தக் கூச்சலில் நாங்கள் எட்டுப் பேரும் ஒரே ஆளாகப் பின்னால் போனோம். திடீரென்று எதிரே பாரம் இல்லை. எட்டு வெள்ளை ஷூக்காரர்கள் கோட்டுக்கு இந்தப் பக்கம் குப்புற விழுந்து கிடந்தார்கள்.

டிரில் வாத்தியார் விசிலைக் கழற்றி ஆகாயத்தில் எறிந்தார். அது திரும்பக் கிடைக்கவே இல்லை.

பரிசாக ஒரு கால்பந்தும் ஆளுக்கு ஒரு பெரிய பொட்டலம் பூந்தியும் கொடுத்தார்கள். வழியெல்லாம் தின்றோம். ரயிலில் வாத்தியாரைப் பார்த்து, இனிமேல் டிரில்லை அரை மணி கூட்டியே வையுங்கள் என்று அம்மா சொன்னபோது, நிறுத்தச் சொன்ன அதே வாயா இது என்று எனக்குச் சிரிப்பு வந்தது.

அன்று ராத்திரி அம்மா எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டாள். எங்களுக்கு ஒரு வாய்க்கு மேல் இறங்கவில்லை. அவள் இரண்டாம் முறை போட்டுக்கொண்டு, விரலைச் சூப்பி, நிதானமாகச் சாப்பிட்டாள். சில மாதமாகவே அவள் இப்படித்தான் ராத்திரியில் உட்கார்ந்து சாப்பிடுகிறாள் என்று தம்பி சொன்னான். நான் அதையெல்லாம் கவனித்தவளில்லை. கயிறு இழுத்து ஜெயித்தது நான், பசி மட்டும் அம்மாவுக்கு எடுத்திருக்கிறது என்று நினைத்து, பெருமையோடு தூங்கிப்போனேன். பள்ளிக்கூடத்திலேயே வயிறு நிறைந்து வந்த மூன்று பிள்ளைகள் பானையில் மிச்சம் வைத்துவிட்டோம் என்பது எனக்கு உறைப்பதற்கு, நானும் மூன்று பிள்ளைகளைப் பெற்று, எல்லோருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் உட்கார வேண்டியிருந்தது.