காலையில் கிளம்பாத வேன்

அடியோடு படுத்துவிட்ட வண்டியை எப்படியும் எழுப்பிவிடலாம். விடிகாலையில் மட்டும் அடம்பிடித்துவிட்டு, பத்து மணிக்கு நம்மிடம் வந்து சமர்த்தாக ஓடும் வண்டிதான் மெக்கானிக்கை அழவைக்கும். சாவியைத் திருப்பித் திருப்பிக் கை வலித்த உங்களுக்கும் இது தெரிந்திருக்கும். திருச்சியில் என்ன குளிர் என்று கேட்காதீர்கள். ராத்திரி முழுக்க நின்று ஆறிப்போன இன்ஜினுக்கு இந்த ஊரே குளிர்தான்.

ஷெட்டில் சமர்த்து

ஜமால் துபாயிலிருந்து திரும்பி வந்து, பழைய டீசல் வேன் ஒன்றை வாங்கி ஓட்டுகிறார். டயாலிசிஸ் நோயாளிகளை விடிந்ததும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிற வேலை. சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கமிருக்கும் என் ஷெட்டுக்கு ஒருநாள் முகம் வாடி வந்தார். முந்தின நாள் வேன் கிளம்பத் தாமதமாகி, ஸ்ரீரங்கத்து மாமி ஒருவருக்கு ஒதுக்கிய மெஷினை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்களாம். மாமி சாயங்காலம் வரை மூச்சு வாங்கிக்கொண்டு காத்திருந்திருக்கிறார்.

நான் சாவியைத் திருப்பினேன். உடனே ஸ்டார்ட் ஆனது. ஜமால் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"அல்லா மேல ஆணையாச் சொல்றேண்ணே, காலையில இது வேற வண்டி!"

ஹீட்டர் பிளக்

பேட்டரி நன்றாக இருந்தது. ஆறிப்போன டீசல் இன்ஜினைச் சூடாக்கிக் கொடுக்கும் ஹீட்டர் பிளக்குகளைக் கழற்றினேன். இரண்டு கருகியிருந்தன. புதிதாகப் போட்டு, ராத்திரி ஷெட்டிலேயே நிறுத்திவைத்தேன். காலையில் முதல் திருப்பிலேயே கிளம்பியது. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வண்டியை ஒப்படைத்தேன்.

மறுநாள் விடிந்தும் விடியாததுமாகப் போன். பாலக்கரையில் அவர் வீட்டு வாசலில் வேன் அசையவே இல்லை.

"அண்ணே, உங்க ஷெட்டுலதான் ஸ்டார்ட் ஆவேங்குது. பேசாம குடும்பத்தோட அங்கேயே குடிவந்துடட்டுமா?"

மாமியின் போன்

அன்று மத்தியானம் ஜமாலிடம் என் நம்பரை வாங்கி ரங்கநாயகி மாமி கூப்பிட்டார், மெஷினுக்காகக் காத்திருந்த அதே மாமி. வேறு வண்டி ஏற்பாடு செய்துகொள்ளும்படி ஜமால் சொல்லிவிட்டாராம். வண்டிக்கா பஞ்சம்? வாசல்படியிலிருந்து கையைப் பிடித்து இறக்கி, ஆஸ்பத்திரிக் கட்டில் வரை கொண்டுவிடுகிற ஆள் வேண்டுமே. வேனின் கோளாறைக் கண்டுபிடிக்காமல் விடுவதில்லை என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

"வண்டி சமாசாரமெல்லாம் நேக்குத் தெரியாது. அந்தப் பிள்ளையை மட்டும் கைவிட்டுடாதீங்கோ."

வாசல் சரிவு

மறுநாள் நான் வரும்வரை யாரும் சாவியைத் தொடக்கூடாது என்று சொல்லிவைத்து, விடிகாலைப் பாங்கு சொல்லும் நேரத்துக்குப் பாலக்கரை போய்ச் சேர்ந்தேன். குறுகலான தெரு, என்னைக் கண்டு குரைக்கும் நாய்கள் வேறு. அடுத்த வண்டிகளுக்கு வழிவிட, வேனின் முன்பக்கத்தை வீட்டு வாசல் சரிவில் ஏற்றி நிறுத்தியிருந்தார் ஜமால். முன்பக்கம் மேலே, டேங்க் இருக்கும் பின்பக்கம் கீழே.

அவரை ஸ்டார்ட் செய்யச் சொல்லிவிட்டுப் பின்னால் சைலன்சரையே பார்த்துக்கொண்டு நின்றேன். டீசல் உள்ளே போய் எரியாமலிருந்தால் வெள்ளைப் புகையாவது வரும். கொஞ்சமும் வரவில்லை. அப்படியென்றால் டீசலே போய்ச் சேரவில்லை. ஃபில்டர் மேலிருக்கும் கைப்பம்பை அழுத்தினேன். காற்றை அழுத்துவதுபோலத் தொளதொளவென்று இருந்தது. அது இறுகும் வரை அழுத்திவிட்டு, "இப்ப அடிங்க" என்றேன். கிளம்பிவிட்டது!

எங்கேயோ காற்று நுழைகிறது. சரிவில் நிற்கும்போது டீசல் ராத்திரியில் டேங்குக்கே திரும்பி ஓடிவிடுகிறது. என் ஷெட் சமதரை, அதனால் அங்கே டீசல் திரும்பி ஓடவில்லை. ஆனால் எந்த இடத்திலும் ஒரு சொட்டு ஒழுகக் காணோம். டேங்க் பக்கம் ஒன்றும் ஃபில்டர் பக்கம் ஒன்றுமாக, உள்ளே போவது தெரிகிற பிளாஸ்டிக் டியூப் மாட்டினேன். நாளைக்கும் வந்து பார்க்க வேண்டும் என்றேன். டீ கொண்டுவந்த ஜமாலின் மனைவி நஸ்ரீன் சிரித்துவிட்டார்.

"அப்ப உங்களுக்கும் சேத்து இடியாப்பம் புழிஞ்சு வெச்சுடறேண்ணே."

விரல் நீள ரப்பர்

மறுநாள் டேங்க் பக்க டியூபில் சுத்தமான டீசல், ஃபில்டர் பக்க டியூபில் குமிழி குமிழியாகக் காற்று. கோளாறு நடுவில்தான். வேனுக்கு அடியில் படுத்து, கையால் தடவிக்கொண்டே போனேன். இரும்புக் குழாய்கள் இரண்டை இணைக்கும் விரல் நீள ரப்பர் இறுகிப்போய், கிளிப்புக்கு அடியில் மயிரிழை அளவு வெடித்திருந்தது. டீசலை வெளியே விடாமல் காற்றை மட்டும் உள்ளே இழுத்துக்கொண்டிருந்திருக்கிறது.

புதிய ரப்பர் போட்டு, மறுபடி அதே சரிவில் நிறுத்தச் சொன்னேன். அடுத்த டயாலிசிஸ் நாளன்று ஜமால் பிஸ்மில்லா சொல்லிச் சாவியைத் திருப்பினார். ஒரே திருப்பு. நம்பிக்கை வராமல் நானும் கூடவே ஏறிக்கொண்டேன். காவிரிப் பாலம் தாண்டி ஸ்ரீரங்கத்தில் நாங்கள் ஹாரன் அடித்தபோது, ரங்கநாயகி மாமி கையில் டம்ளரோடு வாசலுக்கு ஓடிவந்தார்.

"ஏம்ப்பா, இவ்வளவு சீக்கிரமா வந்தா எப்படி? நான் இன்னும் காபியே குடிச்சு முடிக்கலை!"

ஆக, மெக்கானிக்காக இருப்பதற்கு ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்தால் மட்டும் போதாது, விடியுமுன் அடுத்தவர் வாசலில் குனிந்து கிடக்கும்போது திருடன் இல்லையென்று தெரு நாய்களை நம்பவைக்கவும் தெரிந்திருக்க வேண்டும்.