நான் கையெழுத்துப் போடாத சீட்டு

ஒரு ராணுவ அகாடமியில் உடற்பயிற்சிப் பிரிவுக்கு ஆறு வருஷம் நான் தலைவனாக இருந்தேன். பயிற்சிக்கு வந்தவர்களில் ஒருத்தர் முகம்கூட எனக்கு மறக்காது என்று சொல்லிக்கொள்வேன். ஓய்வு பெற்று ஊருக்கு, கரமனை வீட்டுக்கு வந்த பிறகும் அந்தப் பெருமை விடவில்லை.

போன வருஷம் வலது முழங்காலை மடக்க முடியாமல் போயிற்று. தம்பானூர் பக்கம் ஒரு பிசியோதெரபி நிலையத்துக்குப் போனேன். முப்பது தாண்டிய ஒரு பெண் காலைப் பார்த்தார். சீட்டில் என் பெயரைப் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"சாருக்கு என்னை ஓர்மை இருக்கா?"

ஞாபகத்தை ஓர்மை என்பது எங்கள் ஊர்ப் பேச்சு. கோயிலில் எங்காவது பார்த்திருப்பேன் என்று நினைத்து, "கரமனையாம்மா?" என்றேன்.

"இல்ல சார். அகாடமியில உங்ககிட்ட அஞ்சு மாசம் டிரெயினிங்ல இருந்தேன்."

உற்றுப் பார்த்தேன். ஒன்றுமே வரவில்லை. சும்மா தலையாட்டினேன். அவருக்குப் புரிந்துவிட்டது. என் முட்டியை அழுத்திக்கொண்டே, கோபமில்லாத குரலில் சொல்ல ஆரம்பித்தார்.

அகாடமியில் நான் கொண்டுவந்த விதி ஒன்று உண்டு. ஓட்டத் தேர்வு வாரத்தில் உடம்பு சரியில்லை என்பவர்கள், டாக்டரிடம் போகுமுன் சீட்டில் என் கையெழுத்து வாங்க வேண்டும். தேர்வுக்குப் பயந்து படுத்துக்கொள்கிறவர்களைத் தடுக்கத்தான். கணுக்காலுக்கு மேலே எலும்பு குத்துகிறது என்று இவர் இரண்டு நாள் சீட்டோடு என் அறை வாசலில் நின்றிருக்கிறார்.

"'வலி கால்ல இல்ல, தலையில இருக்கு. போய் ஓடு'ன்னு சொன்னீங்க சார்."

என் வாக்கியமேதான். எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேனோ.

"ஓடினீங்களா?"

"கடைசி வளைவு வரைக்கும். அங்க எலும்பு ஒடிஞ்சுது. சத்தம் எனக்கே கேட்டுது. பிறகு வீட்டுக்கு அனுப்பிட்டாங்க."

மைதானத்தில் ஒரு பெண் எலும்பு ஒடிந்து விழுந்திருக்கிறாள். கடிகாரத்தோடு நான் அங்கேதான் நின்றிருப்பேன். எனக்கு அது நினைவே இல்லை. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். ஆனால் வெளியே வந்தது வேறு.

"அப்பவே மேலதிகாரிகிட்ட சொல்லியிருக்கலாமேம்மா?"

அவர் சிரித்துவிட்டார். "நீங்கதானே சார் மேலதிகாரி!"

மூன்றாம் நாள், என் இடத்துக்கு இப்போது வந்திருக்கும் அதிகாரிக்கு போன் போட்டேன். என்னிடம் நான்கு வருஷம் உதவியாளராக இருந்தவர். அந்த விதியை எடுத்துவிடச் சொன்னேன்.

"சார், நீங்க ரிட்டயர் ஆன மறு மாசமே எடுத்துட்டோம்."

"எங்கிட்ட யாரும் சொல்லலையே?"

"எப்படி சார் சொல்றது?"

எனக்கு மாலை போட்டு, கைதட்டி வழியனுப்பிய அத்தனை பேருக்கும் அந்த விதி தப்பு என்று தெரிந்திருக்கிறது. முகம் மறக்காதவன் ஒரு முகத்தையும் படிக்கவில்லை.

அடுத்த முறை போனபோது, கட்டிலில் உட்காருமுன்னே சொன்னேன். "தப்பு என்னுதும்மா. மன்னிச்சிடுங்க."

அவர் துண்டை மடித்து என் முட்டிக்கு அடியில் வைத்தார்.

"மூணு மாசம் அம்மாதான் என்னைக் குளிப்பாட்டி விட்டா சார்" என்றார். பிறகு, "பத்து தடவை மடக்குங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.