எனக்கு இல்லாத தங்கச்சி

எனக்குத் தங்கச்சி கிடையாது. ஓர் அண்ணன் மட்டும்தான், போலீஸில் இருக்கிறான். ஆனால் நான் வேலை பார்க்கும் ராஜபாளையம் பள்ளிக்கூடத்தில் ஒன்பது வருஷமாக எனக்கு ஒரு தங்கச்சி இருந்தாள். அவளுக்குத் திக்குவாய். அவளால்தான் நான் டீச்சர் ஆனேன் என்று எங்கள் பிரின்சிபால் மேடம் நம்பிக்கொண்டிருந்தார்கள். புதிதாகச் சேரும் மிஸ்களிடம் என்னைக் காட்டி அந்தக் கதையைச் சொல்வார்கள். நான் பக்கத்தில் நின்று தலையைக் குனிந்துகொள்வேன். அதை அவர்கள் அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

நான் டீச்சர் ஆனதற்குப் பெரிய காரணம் ஒன்றும் இல்லை. கணக்கில் டிகிரி முடித்ததும் அப்பா சொன்னார்: "பி.எட். போட்டுரு. பொம்பளப் பிள்ளைக்கு அதான் தோது. அஞ்சு மணிக்குள்ள வீட்டுக்கு வந்துரலாம், மே மாசம் லீவு, மாப்பிள்ளை வீட்டுலயும் வேண்டாம்னு சொல்ல மாட்டாங்க." சேர்ந்துவிட்டேன்.

முதல் நாள் வகுப்பில் ஆசிரியர் ஒவ்வொருவரையும் எழுப்பி ஏன் இந்தப் படிப்புக்கு வந்தீர்கள் என்று கேட்டார். முன்வரிசை முழுக்க 'சேவை' என்றது. ஆலங்குளத்துப் பக்கமிருந்து வந்த ஒருவர், "காலாண்டு லீவும் மழையும் ஒண்ணா வரும் சார், விதைச்சுட்டு வந்துரலாம்" என்றார். எல்லாரும் சிரித்தோம். அம்புட்டுப் பேரில் அவர் ஒருவர்தான் நிஜத்தைச் சொன்னார் என்று இப்போது தோன்றுகிறது. நானும் 'சேவை' என்றுதான் சொன்னேன். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கான்சாபுரத்துக்காரி மட்டும், "ஒரு காரணம் இருக்கு சார், பொறவு சொல்லுதேன்" என்று உட்கார்ந்துவிட்டாள். படிப்பு முடியும்வரை அதே பெஞ்சில் அவளோடுதான் இருந்தேன். என்ன காரணம் என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

படித்து முடித்ததும் ராஜபாளையத்தில் ஒரு மெட்ரிக் பள்ளியில் கணக்கு டீச்சர் வேண்டும் என்று விளம்பரம் வந்தது. ஓர் இடம்தான். இரண்டு பேருமே போட்டோம். இன்டர்வியூ அன்று அவள் காலையிலேயே ஊரிலிருந்து கிளம்பி ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டுக்கு வந்துவிட்டாள். அங்கிருந்து ஒன்றாக பஸ் ஏறினோம். ஜன்னல் ஓரம் அவள். பாதி வழியில் தானாகவே ஆரம்பித்தாள்.

"என் தங்கச்சிக்கு வாய் திக்கும்ல, ஒனக்குத் தெரியும்லா? அவ அஞ்சாப்பு படிக்கையில, பேரு கூப்பிட்டா 'உள்ளேன் மிஸ்'னு சொல்ல அவளுக்குச் செத்த நேரம் ஆவும். அதுக்குள்ள மிஸ் அடுத்த பேருக்குப் போயிருவாங்க. ஆப்சென்ட் போட்டுருவாங்க. மொதப் பெஞ்சுல உக்காந்திருக்கவளுக்கு ஆப்சென்ட்டு. ஒருநா வீட்டுக்குச் சீட்டு வந்துச்சு, ஒங்க பிள்ள பள்ளிக்கொடத்துக்கே வரதில்லைன்னு. எங்க அப்பா, 'எங்கட்டி ஊர் சுத்துத'ன்னு அவள அடிச்சாரு. அவ பதில் சொல்லணும்லா? அவளால சொல்லவும் முடியல."

"நீ சொல்லலாம்ல?"

"நான் ஏழாப்பு. அதே பள்ளிக்கொடம். எனக்கு எல்லாம் தெரியும். அந்த மிஸ்ஸைப் பாத்துப் பயம். சொல்லல." அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "அந்த வருஷத்தோட அவ படிப்ப விட்டுட்டா. பேரக் கூப்பிட்டுட்டு, பதிலு வர வரைக்கும் நிக்கிற ஒரு மிஸ்ஸா இருக்கணும்ட்டி. எனக்கு அம்புட்டுதான்."

பள்ளியில் என்னை முதலில் கூப்பிட்டார்கள். உள்ளே பிரின்சிபால் மேடமும் தாளாளரும். கணக்கெல்லாம் நன்றாகத்தான் சொன்னேன். கடைசியில் மேடம் கேட்டார்கள்: "ஏம்மா டீச்சர் வேலைக்கு வர்றீங்க? சேவைன்னு மட்டும் சொல்லாதீங்க. காலையிலேருந்து வந்தவங்க எல்லாரும் அதையேதான் சொன்னாங்க."

என் கையில் இருந்தது அந்த ஒரு பதில்தான். அப்போது, "ஆப்சென்ட்" என்று ஆரம்பித்தேன். பதற்றத்தில் அதுவாகவே வந்துவிட்டது என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். 'என் தோழியின் தங்கச்சி' என்று சொல்ல எனக்கு வாய் இருந்தது. 'என் தங்கச்சி' என்றுதான் சொன்னேன். நடுவில் ஓரிடத்தில் குரல் கம்மியது. அதை நான் வேண்டுமென்றேதான் செய்தேன். மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்கள்.

அடுத்து அவள் போனாள். ஐந்து நிமிஷத்தில் வந்துவிட்டாள்.

"என்ன கேட்டாங்க?"

"எப்பவும் கேக்கிறதுதான்" என்றாள்.

திரும்பும் பஸ்ஸில் கண்ணை மூடிக்கொண்டு வந்தாள். தூங்குகிறாள் என்று நினைத்தேன். அப்படி நினைத்துக்கொள்வதுதான் எனக்கு வசதியாக இருந்தது.

வேலை எனக்குக் கிடைத்தது. அவள் இன்னும் இரண்டு பள்ளிக்கூடங்களுக்குப் போய்ப் பார்த்துவிட்டு, ராஜபாளையத்துக்குப் பக்கத்தில் ஒரு பேண்டேஜ் கம்பெனியில் பேக்கிங் பிரிவில் சேர்ந்தாள். போனில் பேசுவாள். பள்ளிக்கூடத்தில் யாரையும் நான் கூப்பிடாத என் கல்யாணத்துக்கு வந்தாள். ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பள்ளியில் சேர்ந்த முதல் வாரம் நான் ஆறாம் வகுப்பில் அட்டெண்டன்ஸ் எடுத்துக்கொண்டிருந்தபோது மேடம் வாசலில் வந்து நின்றார்கள். "நீங்க எப்படிப் பேர் கூப்பிடுறீங்கன்னு பாக்கத்தான் வந்தேன்" என்றார்கள். அன்றிலிருந்து ஒவ்வொரு பெயரையும் சொல்லிவிட்டு நிமிர்ந்து அந்த முகத்தைப் பார்த்து, பதில் வந்த பிறகுதான் அடுத்ததற்குப் போவேன். பயத்தில் ஆரம்பித்தது பழக்கமாகிவிட்டது. பேசக் கூச்சப்படும் பிள்ளைகள் என் வகுப்பில் பேசுகிறார்கள் என்று பெற்றோர் வந்து சொல்வார்கள். அவர்கள் நன்றி சொல்லும்போதெல்லாம் எனக்குக் கான்சாபுரத்துக்காரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டது ஞாபகம் வரும். இந்த நன்றி அவளுக்கு வந்திருக்க வேண்டியது.

ஜூன் மாசம் பள்ளி திறக்கும்போதெல்லாம் மேடம் விசாரிப்பார்கள்: "தங்கச்சி எப்படிம்மா இருக்கு?" தோழி போனில் சொல்வதையே நான் அங்கே ஒப்பிப்பேன். தங்கச்சி தையல் படிக்கிறாள். தங்கச்சி சொந்தமாக மெஷின் வாங்கியிருக்கிறாள். போன வருஷம், தங்கச்சிக்குக் கல்யாணம் முடிவாகியிருக்கிறது என்றேன். தோழி எனக்கு வாட்ஸ்அப்பில் பத்திரிகை அனுப்பியிருந்தாள். மறுநாள் மேடம் என்னை அறைக்குக் கூப்பிட்டு ஒரு பட்டுச் சேலையைக் கையில் கொடுத்தார்கள். "பொண்ணுக்கு நான் குடுத்ததா சொல்லும்மா. நான் பார்க்காத பிள்ளை. ஆனா அவளை நினைக்காம ஒரு கிளாஸுக்குள்ள நான் போறதில்ல."

கல்யாணத்துக்கு நான் போகவில்லை. பயம். இரண்டு வாரம் கழித்து, மறுவீட்டுக்குத் தங்கச்சி கான்சாபுரம் வந்திருக்கிறாள் என்று தெரிந்து சேலையை எடுத்துக்கொண்டு போனேன். தோழி காப்பி போட்டுத் தந்தாள். மடியில் சேலைப் பையை வைத்துக்கொண்டு, அக்கா தங்கச்சி இருவருக்கும் முன்னால் எல்லாவற்றையும் சொன்னேன். அழுகை வந்தது. அதை அடக்கிக்கொண்டுதான் சொன்னேன்.

தோழி நிதானமாக, "அன்னைக்கே தெரியும்" என்றாள். "நான் சொல்ல ஆரம்பிச்சதுமே அந்த மேடம் நிறுத்திட்டாங்க. 'இதத்தான் இப்பப் போன பிள்ளையும் சொல்லுச்சு, காப்பியடிச்சுட்டு வராதீங்கம்மா'ன்னாங்க."

தங்கச்சி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். இது எதுவும் அவளுக்கு அதுவரை தெரியாது. பேச ஆரம்பித்தாள். "எ... எ... என்னய..." அடுத்த சொல் வரவில்லை. அவள் உதடு துடித்தது.

"மன்னிக்க முடியாதுன்னு சொல்றியாம்மா?" என்றேன்.

சொன்ன பிறகுதான் என்ன செய்தேன் என்று உறைத்தது. ஒன்பது வருஷமாக நாற்பது நாற்பது பிள்ளைகளுக்குக் காத்திருந்தவள், இவளுக்குக் காத்திருக்கவில்லை. தங்கச்சி 'இல்லை' என்று தலையை ஆட்டிவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள். எம்புட்டு நேரம் ஆயிற்றோ, முடித்தாள்.

"என்னய வச்சு... ரெண்டு பேருமே வேலை கேட்டிருக்கீங்க. எ... என்ட்ட யாரும் கேக்கலயேக்கா."

தோழி காப்பி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நான் சேலையை நீட்டினேன். தங்கச்சி தொடவில்லை. "அவியட்டயே குடுத்திருங்க. நா... நான் யாருன்னே அவியளுக்குத் தெரியாதே."

திங்கட்கிழமை பள்ளிக்கூடம் ஆரம்பிப்பதற்கு முன்னால் மேடத்தின் அறைக்குப் போய்ச் சேலையை மேஜையில் வைத்தேன். உட்காரச் சொல்லியும் உட்காராமல், நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். கடைசியில், "அந்தப் பிள்ளையை நான் அவமானப்படுத்தி அனுப்பினேனே" என்றார்கள். என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். "இப்ப சொல்லுங்க, நீங்க எதுக்காக இந்த வேலைக்கு வந்தீங்க?" என்று கேட்டார்கள். அப்பா சொன்னதைச் சொன்னேன். அஞ்சு மணி, மே மாசம், மாப்பிள்ளை வீடு. "அதுல என்னம்மா தப்பு? அதையே சொல்லியிருக்கலாமே" என்றார்கள்.

என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை. தோழியின் நம்பரை வாங்கி அவர்களே பேசி மன்னிப்புக் கேட்டார்கள். இப்போது ஓர் இடம் இருக்கிறது, வருகிறாயா என்றும் கேட்டிருக்கிறார்கள். அவள் மாட்டேன் என்றுவிட்டாள். பேக்கிங்கில் இப்போது அவள் சூப்பர்வைசர், அவளுக்குக் கீழே முப்பது பெண்கள். "பழகிட்டேன் மேடம்" என்றாளாம்.

மேடம் இப்போது என்னிடம் சிலபஸ் பற்றிப் பேசுவார்கள், பரீட்சை பற்றிப் பேசுவார்கள். வீட்டில் எல்லாரும் சௌக்கியமா என்று மட்டும் கேட்பதில்லை.

மேடத்திடம் சொன்ன அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை தோழிக்குப் போன் போட்டேன். முதல் தடவை எடுக்கவில்லை. இரண்டாம் தடவை எடுத்தாள். "ஒன்பது வருஷமா ஏன்ட்டி என்ட்ட ஒண்ணும் கேக்கல? அன்னைக்கே சண்ட போட்டிருக்கலாம்ல?" என்றேன்.

பின்னால் அவள் வீட்டு மிக்ஸி ஓடி நின்றது.

"சண்ட போட்டிருந்தா வேலைய விட்டுருப்பியா?"

யோசித்துப் பார்த்தேன். "இல்ல" என்றேன்.

"அதான்" என்றாள்.