சண்டைக்குப் பின்னால் இருந்த அறை

அந்த ஸ்டுடியோவில் அவளைச் சுவரக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அனிமேஷன் படத்தில் ஆட்கள் ஓடுவதையும் சிரிப்பதையும் அடித்துக்கொள்வதையும் வரைய ஒரு கூட்டமே இருந்தது. அந்த ஆட்களுக்குப் பின்னால் நிற்கிற சுவர், ஜன்னல், தெரு, மாடிப்படி எல்லாம் அவள் கைவேலை. "ஈ காக்கா இல்லாத ஊர் வேணுமா? சுவரக்காகிட்டச் சொல்லு, சாயங்காலத்துக்குள்ள ரெடி" என்று கேலி பேசுவார்கள். அவளும் சேர்ந்து சிரிப்பாள். கேலியில் பொய் ஒன்றுமில்லை. அவள் வரைகிற சந்தையில் கடைகள் திறந்திருக்கும், தராசுத் தட்டு லேசாகச் சாய்ந்திருக்கும், வாங்கவோ விற்கவோ ஆள் இருக்காது. ஆட்கள் அப்புறம்தான் வருவார்கள், வேறு யாரோ கொண்டுவந்து வைப்பார்கள்.

ஐம்பதை நெருங்குகிற வயது. கல்யாணம் ஆகவில்லை. ஆகவில்லை என்பதைவிட, அதற்கென்று ஒரு நேரம் வாய்க்கவில்லை என்று சொல்லலாம். வயசு இருந்த காலத்தில் அம்மா படுக்கையில் விழுந்தாள். முதலில் கால், பிறகு கை, கடைசியில் புத்தியும் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடி விட்டுப்போனது. மகள் வீட்டிலிருந்தபடியே வரைந்து அனுப்பினாள், ஒரு காது எப்போதும் அம்மா அறைப் பக்கம். அம்மா போனபிறகு வேலைக்கு நேரில் வர ஆரம்பித்தாள். மத்தியானச் சாப்பாட்டை மேஜையிலேயே முடித்துக்கொள்வாள். யாரையும் பிடிக்காமல் இல்லை. ஊர்க்கதை, வீட்டுக்கதை என்று மற்றவர்கள் ஆரம்பித்தால் இவளிடம் சொல்ல ஒன்றுமிருக்காது, அவ்வளவுதான்.

தம்பி ஒருவன் உண்டு. வேறு ஊரில் பெண்டாட்டி பிள்ளைகளோடு இருந்தான். அவனைப் பற்றி யாராவது கேட்டால், "இருக்கான்" என்பாள். அதற்குமேல் வாயைக் கிண்டினாலும் ஒன்றும் வராது.

அந்த வருஷம் ஸ்டுடியோ ஒரு பெரிய படம் எடுத்தது. கம்புச் சண்டை கற்றுக்கொடுக்கிற ஒருவருக்கு இரண்டு மகள்கள். இளையவள் சின்ன வயதிலேயே ஊரைவிட்டுப் போய்ப் பேர் வாங்கியவள். மூத்தவள் அப்பாவோடு தங்கிவிட்டவள். அப்பா செத்த செய்தி கேட்டு இளையவள் திரும்பி வருகிறாள். அவர் நோயில் படுத்துக் கிடந்த அறையிலேயே அவருடைய கம்புக்காக இரண்டு பேரும் மோதுகிறார்கள். படத்துக்கே உயிர் அந்தச் சண்டைதான் என்று இயக்குநர் எல்லோரையும் கூட்டிச் சொன்னார். அவளைவிட வயதில் ரொம்பச் சின்னவர். அவர் அவளை அக்கா என்பார், அவள் அவரை சார் என்பாள்.

"சண்டையில ஒரு வார்த்தை வசனம் கிடையாது. யார் பக்கம் நியாயம்னு நாம சொல்லப்போறதும் இல்ல. பின்னாடி இருக்கற பொருள்தான் பேசணும். பாக்கறவங்களுக்கு வயித்தப் பிசையணும். அது உங்க பொறுப்பு, அக்கா."

அவள் மெனக்கெட்டு வரைந்தாள். சுவரில் குறுக்கே ஒரு விரிசல், ஒருத்தி இந்தப் பக்கம், ஒருத்தி அந்தப் பக்கம். ஜன்னலில் கருமேகம். மூலையில் உடைந்த நிலைக்கண்ணாடி, அதில் இரண்டு முகமும் துண்டு துண்டாகத் தெரியும். அணையப்போகிற விளக்கு. ஒன்றுக்கும் குறை சொல்ல முடியாதபடி வேலை சுத்தமாக இருந்தது.

இயக்குநர் திரைக்கு முன்னால் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து பார்த்தார். தாடையைச் சொறிந்துகொண்டார்.

"அழகா இருக்குக்கா. ஆனா விரிசல், மேகம், உடைஞ்ச கண்ணாடி... சண்டைன்னா எல்லாரும் வைக்கறதுதான் இதெல்லாம். ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க. இந்த ரூம்ல ஒருத்தர் வருஷக்கணக்கா படுத்துக் கிடந்தாரே, எங்க கிடந்தாரு? அவரப் பாத்துக்கிட்டவ எங்க உக்காந்தா? எனக்கு எதுவுமே தெரியலையே. ஆள் வாழாத வீடு மாதிரி இருக்கு."

"மாத்தித் தரேன் சார்" என்றாள்.  ஆனால் அந்தக் கடைசி வார்த்தை பஸ்ஸில் அவளோடு ஏறியது, வீட்டு வாசல் வரை கூடவே வந்தது.

சனிக்கிழமை காலை அம்மாவின் அறையைத் திறந்தாள். தூசி தட்டுவதற்குத் தவிர அவள் அந்தப் பக்கம் போவதில்லை. கட்டில் அப்படியே இருந்தது. அலமாரித் தட்டில் மருந்து பாட்டில்கள் நின்ற இடத்தில் வட்ட வட்டமாகக் கறை. கட்டில் தலைமாட்டுச் சுவரில் அம்மாவின் எண்ணெய்த் தலை சாய்ந்து சாய்ந்து ஒரு பழுப்புத் திட்டு. அவள் வழக்கமாக உட்காரும் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து மடியில் அட்டையை வைத்து வரைய ஆரம்பித்தாள்.

அங்கிருந்து பார்த்தால் எதிரில் வாசல்தான். படத்தில் மூத்தவள் நிற்பது இந்தப் பக்கம், அவள் கண்ணுக்குத் தெரிவது அதுதான், ஆகவே இளையவளுக்குப் பின்னால் வரவேண்டியதும் அதுதான். கதவு ஆவென்று திறந்திருக்க, வெளியே மாடிப்படியும் அதன்மேல் வெயிலும். அந்த அறையிலேயே வெளிச்சம் இருக்கிற இடம் அது ஒன்றுதான். படியில் ஒரு ஜோடிச் செருப்பைப் போட்டாள், கழற்றும்போதே வெளிப்பக்கம் பார்த்துத் திருப்பி வைத்த செருப்பு. பக்கத்தில் தோள்வார்கூடத் தளராத ஒரு பை. வரைய வரைய அவளுக்குள் ஒரு திருப்தி. வந்தவள் எப்படி வந்தாள் என்று உலகமே பார்க்கட்டும். ஒரு காலை வெளியே வைத்துக்கொண்டு வந்தவள்!

தம்பியும் அப்படித்தான் வந்தான். அம்மாவை எடுத்த மறுநாள். சாவுக்கு அவனால் வந்து சேர முடியவில்லை. இந்த அறை வாசலில் நின்றான், உள்ளே வரவில்லை. ஒரு சுற்றுப் பார்த்தான். பிறகு, "ஜெயில்ல போட்ட மாதிரி போட்டு வெச்சிருந்திருக்கியே அவங்கள. இதுலதான் செத்தாங்களா?" என்றான். அவளுக்கு உச்சந்தலையில் சுர்ரென்று ஏறியது. "பாத்துக்கிட்டவளக் கேக்க வந்துட்டியா? இனிமே இந்த வாசப்படிய மிதிக்காத" என்றாள். அவன் மிதிக்கவில்லை. பேச்சை அப்படியே பிடித்துக்கொண்டுவிட்டான். அவளும் விட்டுக்கொடுக்கவில்லை. வருஷங்கள் ஓடிவிட்டன.

இனி மூத்தவளுக்குப் பின்னால் வரவேண்டிய பக்கம். அதை வரைய இளையவள் நிற்கிற இடத்துக்குப் போக வேண்டும். அவள் எழுந்துபோய் வாசலில் நின்றாள்.

எத்தனையோ ஆயிரம் தடவை அந்த வாசலைத் தாண்டியிருக்கிறாள். கையில் கஞ்சியோ வெந்நீரோ அழுக்குத் துணியோ இருக்கும். நின்று பார்த்ததில்லை. இப்போது பார்த்தாள். ஜன்னல் கம்பிகளில் பாதிக்குமேல் அட்டை வைத்துக் கட்டியிருந்தது. வெளிச்சம் பட்டால் அம்மாவுக்குக் கண் கூசும் என்று அவளே கட்டியது. கட்டிலுக்கு இரண்டு பக்கமும் மரச்சட்டம், உருண்டு விழாமலிருக்க. கதவின் வெளிப்பக்கம், சரியாக அவள் கண்ணுக்கு நேராக, தடித்த இரும்புத் தாழ்ப்பாள். புத்தி தடுமாறிய நாட்களில் அம்மா ஒருமுறை தெருவரை போய் விழுந்துவிட்டாள். அன்றைக்கே ஆளைக் கூப்பிட்டு அடித்த தாழ்ப்பாள். கட்டியதும் அடித்ததும் அவள்தான், காரணம் ஒவ்வொன்றும் அவளுக்குத் தெரியும். ஆனால் காரணம் எதுவும் வாசலிலிருந்து தெரியவில்லை. கம்பி தெரிந்தது, சட்டம் தெரிந்தது, தாழ்ப்பாள் தெரிந்தது.

 அடுக்களைக்குப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து மறுபடியும் அங்கேயே நின்றாள். வரைகிற அட்டையை எடுத்து, பார்த்ததைப் பார்த்தபடியே வரைந்தாள். மூத்தவளின் தலைக்குப் பின்னால் கம்பி, தோளுக்குப் பின்னால் சட்டம், ஓரத்தில் தாழ்ப்பாள். தனக்கு வேண்டியவளை இப்படித் தன் கையாலேயே மாட்டிவிடுகிறோமே என்று கை ஒரு நிமிஷம் தயங்கியது. ஆனாலும் எதையும் மழுப்பவில்லை.

முடித்துவிட்டு உள்ளே வந்து கதவைப் பாதி சாத்தினாள். திறந்த கதவு சுவரோடு ஒட்டிக்கொள்கிற அந்த மூலை கண்ணில் பட்டது. தரையில் பாய் அளவுக்கு ஒரு நீள்சதுரம், சுற்றியிருந்த தரை மங்கிப்போயிருக்க அது மட்டும் நிறம் மாறாமல் இருந்தது. அத்தனை வருஷமும் அவள் படுத்த இடம். கதவு திறந்திருக்கும்வரை வாசலில் நிற்கிற எவனுக்கும் அது தெரியாது. தம்பி வந்த அன்றும் கதவு திறந்துதான் இருந்தது.

திங்கட்கிழமை இயக்குநரிடம் இரண்டு பக்கத்தையும் காட்டினாள். அவர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஒரே ரூம்தானா இது? ரெண்டு பேரும் ஆளுக்கொரு வீட்டுல நின்னு சண்டை போடற மாதிரி இருக்கே."

"ஒரே ரூம்தான் சார். நிக்கற இடம்தான் வேற." பிறகு கொஞ்சம் யோசித்துச் சொன்னாள், "இன்னொண்ணு கேக்கலாமா? சண்டையில ஒரு அடி பட்டுக் கதவு சாத்திக்கணும். பின்னாடி மூலையில ஒரு பாய், ஒரு தலகாணி, ஒரு சொம்பு தண்ணி. இளையவ அதப் பாக்கணும்."

"பாத்து?"

"ஒண்ணும் வேணாம். அவ கம்பு ஒரு நொடி நின்னாப் போதும். அப்புறம் சண்டை போட்டுக்கட்டும்."

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "காட்சி காட்சியா வரைஞ்சு வெச்ச ஸ்டோரிபோர்டுலயே இது இல்லையேக்கா. உருவம் வரையறவங்க என்னத் திட்டப்போறாங்க" என்று சிரித்தபடியே எழுந்துபோய் அவர்களைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

படம் வெளிவந்து நன்றாகவே ஓடியது. அவள் ஒரு மத்தியானக் காட்சிக்குத் தனியாகப் போனாள். அரங்கில் பாதிக்குமேல் குழந்தைகள். சண்டை வந்ததும் விசில் பறந்தது. கதவு சாத்திக்கொண்டது, பாய் தெரிந்தது, கம்பு நின்றது. முன்வரிசையில் ஒரு சிறுமி, "ஏம்மா நிறுத்திட்டா?" என்று கேட்டாள். "மூச்சு வாங்குறாடி" என்றாள் அவள் அம்மா. அதற்குள் அடுத்த அடி விழுந்துவிட்டது.

வீட்டுக்கு வந்தவள் தம்பியின் நம்பரைத் தேடிப் போன் செய்தாள். அவன் பெண்டாட்டிதான் எடுத்தாள். யார் என்று புரிந்ததும் குரலில் ஒரு தடுமாற்றம். "அண்ணி, இருங்க, அவர்கிட்ட குடுக்கறேன்" என்று ஓடினாள்.

"சொல்லுக்கா" என்றான் தம்பி.

"நான் வேலை செஞ்ச படம் ஒண்ணு வந்திருக்கு. பசங்களக் கூட்டிட்டுப் போய்ப் பாரு."

"அந்தக் கம்புச் சண்டைப் படமா? பாத்தாச்சே. போன வாரமே போனோம்."

 "நீ என்ன நினைச்ச?"

"சண்டை பிரமாதம். சின்னவன் வீட்டுல துடைப்பக்கட்டய வெச்சுக்கிட்டு எல்லாரையும் அடிக்கிறான்."

"அந்த ரூமப் பாத்தியாடா?"

"எந்த ரூம்?"

"அவங்க சண்டை போட்ட ரூம்."

"அதயெல்லாம் யாருக்கா பாப்பாங்க? அடியப் பாக்கவே கண்ணு பத்தல."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாழ்நாள் முழுக்க வரைந்ததைப் பற்றி அத்தனை பேரும் சொல்லக்கூடிய பதில்தானே அது. சிரித்து முடித்ததும் கண் நனைந்திருந்தது. படம் சொல்லும் என்று நம்பியதை இனி வாயால்தான் சொல்ல வேண்டும் என்று புரிந்தது.

"அன்னிக்கு நீ வாசல்ல நின்னு சொன்னியே, ஜெயில் மாதிரின்னு."

அந்தப் பக்கம் டிவி சத்தம் நின்றது.

"நானும் அந்த இடத்துல நின்னு பாத்தேன்டா. அப்படித்தான் தெரியுது. உன்மேல தப்பில்ல. ஆனா நீ உள்ள வரல. வந்து கதவ ஒரு தடவ சாத்தியிருந்தா, நான் எங்க படுத்திருந்தேன்னு தெரிஞ்சிருக்கும். எனக்கு அத உன்கிட்டச் சொல்லத் தெரியல. வராதன்னு மட்டும் சொல்லத் தெரிஞ்சுது."

தம்பி தொண்டையைச் செருமினான். "நானும் சும்மா எரிச்சல்ல சொல்லிட்டேன்க்கா. சாகும்போது பக்கத்துல இல்லையேன்னு எனக்கு. உன்மேல கொட்டிட்டேன்." பிறகு சொன்னான், "வரேன் ஒரு நாள்."

உடனே வந்துவிடவில்லை. பிள்ளைகளுக்குப் பரீட்சை என்றான், பெண்டாட்டிக்கு உடம்பு சரியில்லை என்றான். அவள் கேட்பதை விட்டுவிட்டாள். மழைக்காலம் முடிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, சொல்லாமல் கொள்ளாமல் தனியாக வந்து நின்றான். முன்னந்தலை வழுக்கையாகி, அச்சு அசல், எப்போதோ போய்ச்சேர்ந்த அவர்கள் அப்பா மாதிரி இருந்தான். அறைக்குள் போய்க் கட்டிலில் உட்கார்ந்தான். கதவைப் பற்றி அவனும் கேட்கவில்லை, அவளும் காட்டவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "நீ உக்காரு, நான் டீ போடறேன்" என்று அடுக்களைக்குப் போனான்.

"சர்க்கரை எங்கக்கா?"

"மேல் தட்டுல, நீல மூடி."

"வடிகட்டி?"

"கீழ இழுப்பறை. அதுல இல்ல, அடுத்தது."

அவன் பிறந்து வளர்ந்த வீடு. எது எங்கே இருக்கிறது என்று ஒன்றும் தெரியவில்லை அவனுக்கு. இங்கிருந்தே சொல்லிக்கொண்டிருந்தாள். எழுந்துபோய் எடுத்துக் கொடுத்திருக்கலாம். ஆனால் வீட்டுக்குள்ளிருந்து ஒருவன் தன்னைக் கூப்பிட்டுக் கேட்டுக்கொண்டிருப்பது காதுக்கு நன்றாக இருந்தது. டீ கொஞ்சம் கசப்பாகத்தான் இருந்தது. குறை சொல்லாமல் குடித்தாள். நாலு மணி பஸ்ஸுக்கு அவன் கிளம்பிப் போனான். அவள் தெருமுனைவரை கூடப் போய்விட்டு, திரும்பி வந்து டம்ளர்களைக் கழுவிக் கவிழ்த்தாள்.