ஞானஸ்நானப் புத்தகத்தின் ஓரத்தில்

2024 ஜூலை 9, செவ்வாய்க்கிழமை, காலை மணி 10.20. முந்தின நாள் ஊரையே நிறுத்திவைத்த மழை விட்டு, தூறல் மட்டும் இருந்தது. தாராவியில் எங்கள் பழைய பங்குக் கோயில் அலுவலகத்தில் நான் ஆறாவது ஆளாக நின்றேன். பெஞ்சு ஒன்று, உட்கார இடம் நான்கு. ஐந்தாவதாக நின்றவருக்கு என்னைவிட வயது அதிகமாகத் தெரிந்ததால் குறை சொல்லவும் வழியில்லை.

நான் தேடிப் போனது ஒரு குழந்தையின் பெயர்.

அதற்கு இரண்டு நாள் முன்பு, ஞாயிற்றுக்கிழமை, செம்பூரில் மகன் வீட்டில் இருக்கும் என் அக்காவைப் பார்க்கப் போயிருந்தேன். அவளுக்கு எண்பத்திரண்டு வயது. இதய வால்வு கெட்டுவிட்டது. இந்த வயதில் அறுக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். கட்டிலில் சாய்ந்தபடி என்னிடம் கேட்டாள்.

"ஏலே, பஸ்ஸு படிக்கட்டக்கூட எண்ணுவியே. நம்ம அம்மை எத்தன பெத்தான்னு எண்ணிருக்கியா?"

"ரெண்டு."

"மூணுலே."

எனக்கும் அவளுக்கும் நடுவில் ஒருவன் இருந்தானாம். நாங்கள் அப்போது குடியிருந்த தாராவி லேபர் கேம்ப் அறையில் பிறந்து, சுவரைப் பிடித்து நடக்கத் தொடங்கி, போய்விட்டான். அக்காவுக்கு அப்போது ஐந்து வயது. அவனை இடுப்பில் வைத்துக்கொண்டு குழாயடிவரை போனது நினைவிருக்கிறது. அப்பா ஒரு பெட்டியைக் குடைக்குள் பிடித்துக்கொண்டு போனதும் நினைவிருக்கிறது.

"இத்தன வருசம் ஏன் சொல்லல?"

"அம்மை சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டா. உனக்கு ஆகாதாம்."

"இப்ப மட்டும் ஆகுமா?"

"எழுவத்தெட்டு வயசாச்சு. இனிமே உனக்கு என்னத்த ஆவப்போவுது?"

பெயரைக் கேட்டேன். அதுதான் அவளுக்குத் தெரியவில்லை. வீட்டில் 'தம்பி' என்றுதான் கூப்பிட்டார்கள். நவம்பரில் வரும் கல்லறைத் திருநாளுக்கு வீட்டில் இறந்தவர்களின் பெயரை எழுதிக் கவரில் போட்டுக் கோயிலில் கொடுப்போம், பூசையில் வாசிப்பார்கள். அம்மா, அப்பா, அக்காவின் கணவர், என் மனைவி எல்லாரும் அதில் இருக்கிறார்கள். அவன் பெயர் ஒரு வருடம்கூட அந்தக் கவரில் இருந்ததில்லை.

"நாளைக்கி நான் அங்க போயி நிக்கும்போது அவன் எதுக்க வருவாம்லா? எப்படிலே கூப்புடுவேன்?"

அங்கே பெயர் தேவைப்படாமலும் இருக்கலாம் என்றேன்.

"நீ போயிப் பாத்துட்டு வந்தியோ?"

நவம்பருக்குள் கண்டுபிடித்துவிடலாம் என்று சொல்லிவிட்டு எழுந்தேன். வாசலில் செருப்பு மாட்டும்போது அவள் மகன் என் பக்கத்தில் வந்து, "மாமா, நவம்பர்னு பிளான் பண்ணாதீங்க" என்றான்.

அலுவலகத்தில் இருந்த பெண்ணுக்கு நாற்பது வயதிருக்கும். தாராவியில் பிறந்து வளர்ந்தவள். அப்பாவுக்குத் திருநெல்வேலிப் பக்கம். என் முறை வந்தபோது மணி 11.05.

"யாரோட சர்ட்டிஃபிகேட் அங்கிள்?"

"எங்க அண்ணனோடது."

"பேரு?"

"தெரியாதும்மா."

"டேட் ஆஃப் பர்த்?"

"தெரியாது. நாப்பத்துமூணு, நாப்பத்துநாலா இருக்கலாம்."

"அவங்க நேர்ல வர முடியாதா?"

"செத்துப்போயிட்டார்."

"எப்போ?"

"அதுவும் தெரியாது."

பேனாவைக் கீழே வைத்தாள். "அங்கிள், இண்டெக்ஸே பேர வச்சுத்தான். பேர் குடுங்க, நாலு மினிட்ல எடுத்துத் தரேன். பேர் இல்லாம கைசே, எப்படித் தேடுறது?"

புத்தகத்தை என்னிடம் கொடுத்தால் நானே 1943 முதல் 1946 வரை பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அது முடியாதாம். ஒரு பக்கத்தில் பலருடைய விவரம் இருக்கும். தத்துப் பிள்ளைகள் இருப்பார்கள், தகப்பன் பெயர் இல்லாதவர்கள் இருப்பார்கள். வெளியாள் கண்ணில் படக்கூடாது. இது நியாயம்தான். நியாயமான விதிகளோடு சண்டை போட முடியாது என்பதே அவற்றில் எனக்குப் பிடிக்காத அம்சம்.

கடைசியில் ஒரு வழி சொன்னாள். உறவு என்று நிரூபித்தால் பாதிரியாரிடம் கேட்டு அவளே தேடிப் பார்ப்பாள். அதற்கு மூன்று காகிதம் வேண்டும்: அக்காவின் கடிதம், என் அடையாள அட்டை, பெற்றோர் பெயர் உள்ள என்னுடைய ஞானஸ்நானச் சான்று.

அடுத்த செவ்வாய், ஜூலை 16, மூன்றையும் கொண்டுபோனேன். அக்காவின் கடிதம் தமிழில் இருந்தது. அந்தப் பெண்ணுக்குத் தமிழ் பேசத்தான் வரும். பாதிரியார் மங்களூர்க்காரர். எனவே நானே படித்துக் காட்டினேன்.

"இதுல அப்படித்தான் எழுதியிருக்கா?"

"நான் சொல்றத நம்பணும்."

"அங்கிள், மருந்துக் கம்பெனியில ஸ்டோர்ஸ் பாத்தேன்னு சொன்னீங்கல்ல? பார்ட்டியே பில்லப் படிச்சுக் காட்டினா பாஸ் பண்ணுவீங்களா?"

"மாட்டேன்."

"பின்ன?"

உட்கார்ந்து ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தேன். என் சான்றையும் கொடுத்தேன். நான் பள்ளியில் சேரும்போது அப்பா இதே அலுவலகத்தில் வாங்கியது. பிற்பாடு நான் பிளாஸ்டிக் உறை போட்டு வைத்திருந்தேன். பிறந்தது 1946 மார்ச். பள்ளி, வேலை, பாஸ்போர்ட், ரேஷன் கார்டு எல்லாம் அந்த ஒரு காகிதத்தின் மேல்தான் நின்றன. அவள் அதை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். நாலு நிமிடம் என்றவள் இருபத்தாறு நிமிடம் கழித்துப் பாதிரியாரோடு வந்தாள். கையில் இரண்டு பெரிய புத்தகம்.

"அங்கிள், உங்க பேர்ல ரெண்டு பேர் இருக்காங்க. அப்பா அதே, அம்மா அதே, அட்ரஸ் அதே. இதுல எது நீங்க?"

மற்றவர்களின் வரிகளை வெள்ளைத்தாள் வைத்து மறைத்துவிட்டு எங்கள் வரியை மட்டும் காட்டினாள். முதல் புத்தகத்தில் 1946 மார்ச். இரண்டாவதில் 1948 ஜனவரி. இடைவெளி இருபத்திரண்டு மாதம். இரண்டிலும் என் பெயர்.

எங்கள் பக்கம் மூத்த மகனுக்கு அப்பாவின் அப்பா பெயரை வைப்பார்கள். அந்தப் பிள்ளை தங்காவிட்டால், அடுத்துப் பிறக்கும் ஆண் பிள்ளைக்கு அதே பெயரை வைப்பார்கள். பாட்டன் பெயர் வீட்டில் புழங்க வேண்டும். யார் மேல் புழங்குகிறது என்பது இரண்டாம்பட்சம். ஆனால் போனவன் பெயரை இருப்பவனுக்கு வைத்துவிட்டு, அவனுக்கு வந்தது எனக்கும் வரும் என்று அம்மா பயந்திருக்கிறாள். அந்தப் பெயரைச் சொல்லி யாரும் அவனைப் பற்றிப் பேசக்கூடாது. வீட்டில் என்னையும் 'தம்பி' என்றே கூப்பிட வேண்டும்.

பள்ளியில் சேர்க்கச் சான்று கேட்டு அப்பா வந்தபோது, அன்றிருந்த எழுத்தர் முதலில் கண்ணில் பட்ட வரியை எழுதிக் கொடுத்திருக்கிறார். பட்டறையில் அரைநாள் விடுப்பு எடுத்து வந்த அப்பாவுக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது. பெயர் சரியா என்று வாசிக்கச் சொல்லிக் கேட்டிருப்பார். பெயர் சரி.

அந்தப் பெண் இறந்தவர்கள் புத்தகத்தையும் எடுத்துவந்தாள். 1947 மே, வயது பதினான்கு மாதம், காய்ச்சல். அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு சீரானது. இரண்டு பேரில் இறந்தவர் நானல்ல என்பதற்கு அதுவரை எழுத்தில் ஆதாரம் இல்லை.

"அங்கிள், இங்க ஒண்ணு பாருங்க" என்று 1946ஆம் வருட வரியின் ஓரத்தைத் தொட்டாள். ஒருவருக்குக் கல்யாணம் ஆனால் அந்தச் செய்தியை அவருடைய ஞானஸ்நான வரியின் ஓரத்தில் குறிப்பார்கள். இன்னொரு முறை கல்யாணம் செய்துகொள்ள முடியாமல் இருப்பதற்காகச் செய்த ஏற்பாடு. 1974இல் நடந்த என் கல்யாணம், தேதியும் மணமகள் பெயருமாக, அங்கே இருந்தது. பதினான்காவது மாதத்தில் இறந்த என் அண்ணன் இருபத்தெட்டாவது வயதில் என் மனைவியைக் கல்யாணம் செய்திருந்தான். 1948ஆம் வருட வரியின் ஓரம் சுத்தமாக இருந்தது.

"அப்போ நீங்க பேச்சிலரா?" என்றாள்.

பாதிரியார் சிரிக்கவில்லை. நோட்டரி முன்னால் சத்தியம் செய்து ஒரு பத்திரம் கொண்டுவந்தால் மாற்றி எழுதலாம் என்றார்.

அன்றே குர்லாவில் ரயில் மாறிச் செம்பூர் போனேன். அக்கா தலையணையில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். பெயரைச் சொன்னேன். நான் யாரிடமோ என்னை அறிமுகம் செய்துகொள்வதுபோல இருந்தது.

"அது உன் பேருல்லா?"

"அவன் பேரு. எனக்குக் குடுத்திருக்காங்க."

அவள் அந்தப் பெயரை ஒரு முறை சொல்லிப் பார்த்தாள். வாழ்நாள் முழுக்கத் தம்பி என்றே கூப்பிட்டவள் வாயில் அது புதிதாக இருந்தது. இன்னொரு முறை சொன்னாள். கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை, தானாகக் காயட்டும் என்று விட்டுவிட்டாள்.

"ஏலே."

"என்னக்கா?"

"நீயும் உடனே அங்க வந்து நிக்காத. கூப்புட்டா ரெண்டு பேரும் திரும்பிப் பாத்தா எனக்குக் குழப்பமாயிரும். மொதல்ல அவங்கிட்ட பேசிக்கிடுதேன். நீ பைய வா."

எனக்குக் கணக்கில் இருபத்திரண்டு மாதம் கூடுதலாக வந்திருக்கிறது, அவசரமில்லை என்றேன்.

ஜூலை 23, மூன்றாவது செவ்வாய், நோட்டரி பத்திரத்தோடு போனேன். அந்தப் பெண் அண்ணனின் ஓரக் குறிப்பைச் சிவப்பு மையில் அடித்துவிட்டு, அதை என் வரியின் ஓரத்தில் எழுதினாள். என் மனைவி இறந்து ஆறு வருடமாகிறது. கோயில் புத்தகப்படி அன்றுதான் நான் அவளுக்குக் கணவனானேன்.

நவம்பருக்குக் காத்திருக்காமல் அந்த ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கே பெயர் கொடுத்தேன். ஞானஸ்நானம் பெற்ற பதினான்கு மாதக் குழந்தை நேராக மோட்சம் போயிருக்கும், அவனுக்காகச் செபிக்கத் தேவையில்லை என்றார் பாதிரியார். இதை அக்காவிடம் போனில் சொன்னேன். "அவனுக்கு வேண்டாம்னா எனக்காகப் படிக்கட்டும்" என்றாள்.

ஜூலை 28, காலை மணி 8.00, மழை இல்லை. அக்காவைச் சக்கர நாற்காலியில் கொண்டுவந்தார்கள். இறந்தவர்கள் பட்டியலில் என் பெயர் வாசிக்கப்பட்டபோது முன்வரிசையில் மூன்று பேர் திரும்பி என்னைப் பார்த்தார்கள். அக்கா அவர்களைக் கவனிக்கவில்லை. சத்தமாக "ஆமென்" என்றாள்.

செலவு: சான்றுகள் மூன்றுக்கு 300, நோட்டரிக்கு 400, வண்டிக்கு 510, ஜெராக்ஸ் 20, பூசைக்கு 200, ஆக 1,430. இதோடு, 2004இல் ஐம்பத்தெட்டு வயதாகிவிட்டது என்று கம்பெனி என்னை அனுப்பியபோது எனக்கு உண்மையில் ஐம்பத்தாறு வயதும் இரண்டு மாதமும்தான். இழந்தது இருபத்திரண்டு மாதச் சம்பளம், மாதம் 18,600 வீதம் 4,09,200. மொத்தம் ரூபாய் 4,10,630.