வண்டி போகாத ஓடைப் பாதை

போன வருஷம் ஐப்பசி மழை ஓய்ந்து, வெயில் லேசாக எட்டிப் பார்த்த ஒரு சனிக்கிழமை. ஏற்காடு மலையில் கொட்டச்சேட்டுக்குக் கொஞ்சம் தள்ளி நடந்தது இது.

நாங்கள் சேலத்துக்காரர்கள். என் கணவருக்குச் சர்க்கரை வந்தபோது டாக்டர் ஏகப்பட்டது சொன்னார். மற்றதையெல்லாம் விட்டுவிட்டு, சைக்கிள் மிதிக்கச் சொன்னதை மட்டும் நாங்கள் இருவருமே பிடித்துக்கொண்டோம். பின்சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் பை கட்டிக்கொண்டு, காவிரிக் கரை, வாய்க்கால் மேடு, ஏரிக்கரை என்று கார், பஸ் வராத வழியாகத் தேடித் தேடிப் போவோம். எங்களைப் போன்ற சைக்கிள் பைத்தியங்களுக்கு ஒரு குழு இருக்கிறது. போகிற வழியைச் செல்போன் செயலி கோடாகப் பதிந்து, சிக்னல் கிடைத்ததும் தானாகவே குழுவுக்கு அனுப்பும். யாரும் போகாத வழியாக இருந்தால் குழுவில் பாராட்டு குவியும். எனக்கு அதில் கொஞ்சம் ஆசை உண்டு.

ஏற்காட்டின் பெரிய ரோட்டில் சனி, ஞாயிறு சைக்கிளில் போவது தண்டனை. ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் முதுகுக்குப் பின்னால் ஒரு ஹாரன். அதனால் குப்பனூர் வழியாக ஏறினோம். கொட்டச்சேட்டைத் தாண்டி, காபித் தோட்டங்களுக்கு நடுவில் ஓர் ஓடையை ஒட்டியே மெல்லிய தடம் ஒன்று செம்மநத்தம் பக்கம் போவதை செயற்கைக்கோள் படத்தில் பார்த்து வைத்திருந்தேன்.

வழியில் ஒரு டீக்கடையில் விசாரித்தேன். கடைக்காரர் ஆற்றிக்கொண்டிருந்த டீயை அப்படியே நிறுத்தினார்.

"அப்படி ஒண்ணும் வழி இல்லைங்களே."

செல்போனைக் காட்டினேன். அவர் அதைப் பார்க்கவே இல்லை. "அதெல்லாம் பழைய தடமுங்க. காட்டெருமை நொம்ப நடமாடுது. ரோட்டுலயே போயிருங்க."

பெஞ்சில் குல்லா போட்ட ஒருவர் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒரு பழைய மொபெட். "எந்த ஊருங்க? என்ன சோலியா வந்தீங்க?" என்று கேட்டார். சும்மா சைக்கிள் ஓட்ட வந்தோம் என்றேன். "சும்மாங்களா" என்று அவர் திருப்பிச் சொன்ன விதம் எனக்குப் பிடிக்கவில்லை.

கடையைத் தாண்டியதும் என் கணவர் சொன்னார். "வழி இல்லைங்கறார், பழைய தடம்ங்கறார், காட்டெருமை இருக்குங்கறார். இதுல எது நிஜம்?"

தடம் இருந்தது. ரோட்டிலிருந்து பிரிந்து காபிச் செடிகளுக்குள் நன்றாகவே போனது. சவுக்கைப் போல உயர்ந்த மரங்களில் மிளகுக் கொடி சுற்றியிருந்தது. காபிப் பழம் அங்கங்கே சிவக்கத் தொடங்கியிருந்தது. ஆனால் ரசிக்க முடியவில்லை. பின்னால் எங்கேயோ அந்த மொபெட்டின் சத்தம். நாங்கள் நின்றால் அதுவும் நின்றது.

ஒரு திருப்பத்தில் செடிகளுக்கு நடுவே ஓர் அம்மா களை வெட்டிக்கொண்டிருந்தார். ஐம்பது வயது இருக்கும். சேலைக்கு மேல் ஆண்கள் போடும் முழுக்கைச் சட்டை, கையில் அரிவாள். எங்களைப் பார்த்ததும் நிமிர்ந்து, கண்ணை எடுக்காமலே செல்போனில் பேசினார். "வர்றாங்க... ரெண்டு பேருதான்... ஆமா, ஒரு பொம்பளையும் இருக்குது."

நான் பெடலை வேகமாக மிதித்தேன்.

கொஞ்ச தூரத்தில் தடம் இரண்டாகப் பிரிந்தது. ஓடைப் பக்கம் போகும் கிளையின் குறுக்கே முள் வெட்டிப் போட்டிருந்தார்கள். இலை இன்னும் வாடவில்லை. அந்த அம்மா வேகமாகப் பின்னாலேயே வந்துவிட்டார்.

"அந்தப் பக்கம் போகாதீங்கம்மா. இப்புடிக்கா எறங்குனா ரோட்டுக்குப் போயிரும்."

"அங்க என்னக்கா இருக்கு?"

"ஒண்ணும் இல்லைங்க."

"ஒண்ணும் இல்லாததுக்கு எதுக்கு முள்ளு?"

அவர் என் சைக்கிள் சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சரிங்கக்கா என்று அவர் காட்டிய வழியில் இறங்கினோம். கண் மறைந்ததும் நின்று கிசுகிசுத்தோம். சாராயம் காய்ச்சுகிறார்களோ என்றேன் நான். சந்தன மரம் கடத்துகிறார்களாக இருக்கும் என்றார் என் கணவர். எதுவாக இருந்தாலும் திரும்பிவிடலாம் என்றேன். "பாதையில போறதுக்கு யாருகிட்ட அனுமதி வாங்கணும்?" என்று அவர் வீம்பாகச் சைக்கிளைத் திருப்பினார். அந்த அம்மா போய்விட்டார் என்று உறுதி செய்துகொண்டு, முள்ளை ஓரமாக இழுத்துப் போட்டுவிட்டு உள்ளே நுழைந்தோம்.

இத்தனை வருஷத்தில் அப்படி ஒரு பாதையை நான் மிதித்ததில்லை. ஒரு பக்கம் ஓடை, மறுபக்கம் பாசி படிந்த கல் வரப்பு, மேலே முழுக்க நிழல். தண்ணீர்ச் சத்தத்தைத் தவிர வேறு சத்தமே கிடையாது. ஓடை ஒரு பாறைக் குளத்தில் விழுந்து மறுபடி கிளம்பியது. குளத்திலிருந்து கறுப்பு ரப்பர் குழாய்கள் சரிவில் கீழே எங்கேயோ போயின. அதையும் சந்தேகமாகத்தான் பார்த்தேன்.

குளத்துக்குக் கீழே ஓடையைக் கடக்க வேண்டியிருந்தது. என் கணவர் இறங்காமலே ஓட்டினார். பாசியில் சக்கரம் வழுக்கியது. இரண்டு கல்லுக்கு நடுவில் கால் மாட்டிக்கொள்ள, சைக்கிளோடு சாய்ந்தார். கணுக்காலுக்குக் கீழே பாதம் இருக்கக்கூடாத பக்கம் திரும்பியிருந்தது. அவர் முகம் வெளிறிப்போய் என்னையே பார்த்தார். செல்போனில் சிக்னல் இல்லை.

எப்படியோ இழுத்துக் கரையில் கிடத்தினேன். அப்போதுதான் வந்த வழியில் காலடிச் சத்தம் கேட்டது. குல்லாக்காரரும் அரிவாள் அம்மாவும். நான் காற்றடிக்கும் பம்பை எடுத்துக் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

அந்த மனிதர் கேட்ட முதல் கேள்வி, "படம் எடுத்தீங்களா?" என்பதுதான்.

கால் உடைந்து கிடக்கும் மனிதரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு என்ன கேள்வி இது என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. குல்லாக்காரர் குனிந்து சக்கரத்தில் மாட்டியிருந்த சின்ன மீட்டரைத் தொட்டுப் பார்த்தார். "இது என்னங்க, அளக்குறதுங்களா?"

"எவ்வளவு தூரம் ஓட்டினோம்னு காட்டும்."

"அதாங்க. அளக்குறதுதானுங்களே."

சைக்கிள் கைப்பிடியில் இருந்த என் செல்போனைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "அப்புறம் தர்றனுங்க" என்று சொல்லிவிட்டு, சரிவில் விறுவிறுவென்று ஏறிப் போய்விட்டார். அவ்வளவுதான், போன் போனதுதான் என்று நினைத்தேன். நாங்கள் இங்கே இருப்பது யாருக்கும் தெரியாது. என் கணவரின் போன் தண்ணீரில் விழுந்து செத்துக் கிடந்தது.

அந்த அம்மா மட்டும் இருந்தார். தன் துண்டை ஓடையில் நனைத்து, பிழிந்து, வீங்கிய காலைச் சுற்றினார். கை பதமாக இருந்தது, முகம்தான் இறுகியிருந்தது.

"அவர் எங்க போறாரு?"

"ஆளக் கூட்டியாரத்தான். நடந்து போக முடியுங்களா இந்தக் கால வெச்சுக்கிட்டு?"

நான் நம்பவில்லை. அவருக்கும் அது தெரிந்தது. கேட்காமலே சொன்னார்.

"ரெண்டு வருஷம் முந்தி உங்களாட்டந்தான் ஒரு பையனும் பொண்ணும் வந்தாங்க. நல்ல புள்ளைங்க. வெயில்ல வந்துதுகளேன்னு எங்க ஊட்டுல மோர் குடுத்தனுங்க. போயி, யாருக்கும் தெரியாத அருவின்னு வீடியோ போட்டுட்டாங்களாம். அதுல இருந்து ஞாயித்துக்கெழமைன்னா பைக்கு, காருன்னு வந்து நிக்குதுங்க. குடிச்சுப்போட்டு பாட்டல இந்தக் கல்லு மேலயே ஒடைக்கறது. கீழ இருக்கற அத்தன ஊட்டுக்கும் இந்தத் தண்ணிதானுங்க. எம் மருமவ மாசமா இருக்கையில குழாய் அடப்பெடுக்க வந்து, கண்ணாடி ஏறிப்போச்சு. காலு சீழ் புடிச்சு, வயித்துப் புள்ளைக்கு மருந்து ஒத்துக்குமான்னு நாங்க பட்ட பாடு... அப்புறந்தான் எஸ்டேட்டுல கேட்டு வழிய அடச்சோம். ஆரு வந்து கேட்டாலும் இல்லைன்னு சொல்லிப்புடறது. அளந்து, படம் எடுத்துட்டுப் போனா மறுபடி வண்டி வந்துருமுங்களே."

"இப்ப மருமக நல்லா இருக்காங்களா?"

"இருக்கறா. புள்ளையும் நல்லா இருக்குது."

வண்டி வராத பாதை என்று ஊர் ஊராகத் தேடி அலைகிற நாங்கள், வண்டி ஏன் வரவில்லை என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. அந்தப் பாதை தானாக அமைதியாக இல்லை. இவர்கள் பொய் சொல்லி, முள் வெட்டி, ஆள் மாற்றி ஆள் பின்தொடர்ந்து அதை அமைதியாக வைத்திருந்தார்கள்.

குல்லாக்காரர் திரும்பி வந்தார். கூட மூன்று பேர். ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, இரண்டு நீளக் கம்பு, கயிறு. நாற்காலியைக் கம்பில் கட்டி, என் கணவரை உட்கார வைத்து, துண்டால் இடுப்போடு சேர்த்துக் கட்டினார்கள். ஜீப் வரக்கூடாது என்று அவர்களே அடைத்த வழி. அதனால் எண்பது கிலோ மனிதரை அவர்களே தோளில் சுமந்தார்கள். குறுகலான இடத்தில் இரண்டு பேர் ஓடைக்குள் இறங்கி, முழங்கால் தண்ணீரில் நடந்தார்கள். நான் ஒரு சைக்கிளையும் அந்த அம்மா இன்னொன்றையும் தள்ளிக்கொண்டு போனோம்.

ரோட்டில், பக்கத்து ஊரான மஞ்சக்குட்டையிலிருந்து வந்த ஜீப் ஒன்று காத்திருந்தது. மேட்டில் சிக்னல் கிடைக்கும் இடம் வரை ஓடிப்போய்க் குல்லாக்காரர்தான் வரச் சொல்லியிருக்கிறார். சட்டைப் பையிலிருந்து என் போனை எடுத்துக் கொடுத்தார். "சார் கால் எப்படி இருக்குன்னு சொல்லுங்க" என்று தன் நம்பரையும் சொன்னார்.

ஜீப்பில் ஏறும்போது அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "இந்த வழியை யாருக்கும் சொல்ல மாட்டேங்கக்கா" என்றேன்.

"எல்லாரும் அப்படித்தானுங்க சொல்றாங்க" என்றார். அதில் கோபம் இல்லை. "மொதல்ல போயி அவுரு காலப் பாரு கண்ணு."

சேலத்தில் ஆஸ்பத்திரி வாசலில், அவரை உள்ளே கொண்டுபோன பிறகு, போனை எடுத்துப் பார்த்தேன். நான் பதிவை நிறுத்தவே இல்லை. எங்கேயோ சிக்னல் கிடைத்ததும், செயலி தன் பழக்கப்படி அந்தப் பாதையை வளைவு வளைவாகக் குழுவுக்கு அனுப்பி வைத்திருந்தது. வாழ்த்துகள் வந்து குவிந்திருந்தன. ஒருவர், 'அருமை, நாளைக்கே கிளம்புகிறோம்' என்று எழுதியிருந்தார்.

அந்தப் பதிவை எல்லா இடத்திலும் அழித்தேன். அந்த ஒருவரைக் கூப்பிட்டேன். "பொது வழிதானே மேடம்? நீங்க மட்டும் போகணுமா?" என்று சிரித்தார். நடந்தது எல்லாவற்றையும் சொன்னேன்.  "சரி, நானும் அழிச்சுடறேன்" என்றார். அழித்தாரா என்று எனக்குத் தெரியாது.

கணவரின் காலில் தகடு வைத்து, அவர் தடி ஊன்றி நடக்கத் தொடங்கியதும், அந்தக் குல்லாக்காரருக்குப் போன் செய்தேன். கால் நன்றாக இருப்பதைச் சொன்னேன். வழி வெளியே போனதையும் சொன்னேன். அவர் அதிர்ச்சி அடைந்ததாகத் தெரியவில்லை.

"அடுத்த நாளே ரெண்டு சைக்கிள் வந்துச்சுங்க. டீக்கடையிலயே திருப்பி அனுப்பிச்சுட்டோம்."

"எந்த ஊர்னு சொன்னாங்களா?"

"சேலம்னாங்க. நீங்க அனுப்பிச்ச ஆளுங்களோன்னு அக்காகூட கேட்டுச்சு. இருக்காதுன்னு சொல்லிட்டனுங்க."



இப்போது மறுபடியும் இருவரும் சைக்கிளில் போகிறோம். ஞாயிறு மாலைகளில் குழுவில் வரும் படங்களை ஒவ்வொன்றாகப் பெரிதாக்கி, அந்தப் பாறையும் கறுப்புக் குழாயும் எங்கேயாவது தெரிகிறதா என்று பார்க்கிறேன். எவ்வளவோ நாள் பழகிய முகங்களைக்கூட ஒரு நிமிஷம் சந்தேகப்பட்டுவிட்டுத்தான் அடுத்த படத்துக்குப் போகிறேன். வண்டி வராத ஒரு பாதை கண்ணில் பட்டால் இன்றைக்கும் மனசு துள்ளத்தான் செய்கிறது. ஆனால் இதை இப்படிக் காத்து வைத்திருப்பது யார் என்று தெரிந்துகொள்ளாமல் பெடலில் கால் வைப்பதில்லை.