முப்பத்தேழாம் பலகை

யாகோப்பு பாலத்து ஆணியைச் சுத்தியலால் தட்டிவிட்டுக் காதைச் சாய்க்கிறார். 'ணங்' என்றால் இறுக்கம். 'டொக்' என்றால் தளர்ந்துவிட்டது. விடிந்ததும் முகம் கழுவ மறந்தாலும் இதை மறக்கமாட்டார். ரோட்டு இலாகாவில் பழகியது. ஓய்வு பெற்று ஆறு வருடமாகியும் மனுசன் விட்டபாடில்லை.

வெள்ளைக்காரன் காலத்துப் பாலம். இரு பக்கமும் முக்கோணம் முக்கோணமாகப் பின்னிய இரும்பு, கீழே உப்பாறு, கால் வைக்க மரப்பலகைகள். பொருளாதாரத் தடைக்குப் பிறகு ஓர் ஆணிகூட வரவில்லை. அங்கே யாகோப்பு வைத்ததுதான் சட்டம். சைக்கிளை உருட்டித்தான் போகவேண்டும். நெல்லு வண்டியென்றால் பாதி மூட்டையை இறக்கித் தலையில் சுமக்கவேண்டும். "உதென்ன உங்கடை கொப்பற்றை வீட்டு முற்றமே? இறங்கடா!" பங்குச் சுவாமிக்கு மட்டும் கொஞ்சம் மரியாதை: "இறங்குங்கோ சுவாமி."

ஒவ்வொரு பலகையின் அடியிலும் தாரால் இலக்கம் எழுதியிருக்கிறார். ஏன் அடியில் என்று கேட்டால், "மேலை எழுதினால் சனத்தின்ரை கால் அழிச்சுப்போடும்" என்பார்.

தொண்ணூற்றொன்று ஐப்பசியில் ஒரு காலை முப்பத்தேழைக் காணவில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் போகும் பாதையில் ஆள் விழுகிற ஓட்டை! அப்போது குண்டுவீச்சுக்குப் பயந்து ஊரே பங்கர் வெட்டி, கூரைக்கு மரம் தேடிக்கொண்டிருந்தது. "எடுத்தவன்ரை கையை முறிக்கிறன்" என்று யாகோப்பு வீடு வீடாகப் பங்கர்களுக்குள் புகுந்து பார்த்தார்.

இடம்பெயர்ந்து வந்திருந்த குணலட்சுமியின் பங்கருக்குள் அண்ணாந்தபோது, தலைக்கு மேலே முப்பத்தேழு என்றிருந்தது.

"நான்தான் எடுத்தனான் அண்ணை," என்றாள் அவள். "காணிக்காரர் பனை தறிக்க விடேல்லை. தடியள் மண்ணைத் தாங்காது. பிள்ளையள் இருக்கிற மூலைக்கு மட்டுந்தான்..."

அவள் முடிக்கவில்லை, வானத்தில் இரைச்சல். யாரும் சொல்லாமலே அவளுடைய இரண்டு பிள்ளைகளும் உள்ளே ஓடிவந்து, சரியாக அந்தப் பலகைக்குக் கீழே ஒண்டிக்கொண்டன. எங்கோ குண்டு விழுந்தது. மண் உதிர்ந்தது, பலகை அசையவில்லை.

இரைச்சல் ஓய்ந்ததும் யாகோப்பு மேலே ஏறினார். "இனிப் பாலத்திலை கை வைச்சியோ, தெரியும்!" என்று உறுமினார். பலகையைத் தொடாமலே போய்விட்டார்.

பின்னேரம் அவர் மனைவி லூர்த்தம்மா பாலத்துக்கு ஓடிவந்தாள். "ஐயோ, வாசலைத் திறந்து போட்டிட்டு நான் எப்பிடியப்பா படுக்கிறது?"

"சாக்கைக் கட்டிவிடு," என்றார் யாகோப்பு. ஓட்டையை மூடி அறைந்திருந்த பச்சைக் கதவின்மேல் குந்தியிருந்து, பிள்ளைகளின் கால் தடக்காதபடி அதன் கொண்டியைக் கழற்றிக்கொண்டிருந்தார்.